பெட்ரோல் டேங்கின் மூச்சு

கிடர்பூர் கொல்கத்தா நகரின் ஒரு பகுதி. ஹூக்ளி ஆற்றின் பக்கத்தில் இருக்கிறது. இங்குள்ள கப்பல் துறை 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்றும் சரக்குக் கப்பல்கள் வந்து போகின்றன. துறைக்கு லாரிகள் வரும். கடைத்தெருவுக்கு டாக்ஸிகளும் கார்களும் வரும். வண்டி ஓடும் இடத்தில் பழுது பார்க்கும் கடையும் இருக்கும்.

கிடர்பூர் தாழ்வான பகுதி. பெருமழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு கொல்கத்தாவில் பெரும் மழை கொட்டியது. 24 மணி நேரத்தில் 25 சென்டிமீட்டர் மழை. நகரின் பல தெருக்கள் ஆறு போல ஆயின. நின்ற கார்களின் அடிப்பகுதி தண்ணீரில் மூழ்கியது.

இப்படிப்பட்ட மழைக்குப் பிறகு தண்ணீர் வடிந்துவிடும். காரும் ஓடும். ஆனால் சில நாள் கழித்து ஓட்டுநரின் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியலாம். எஞ்சின் படம் போட்ட விளக்கு அது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பிறகு விளக்கு ஏன் எரிகிறது?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று பெட்ரோல் டேங்கில் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய கருவி உண்டு. டேங்கின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் அது. அதைப் பற்றித் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம். தீ விபத்தையும் தவிர்க்கலாம்.

டேங்கில் அழுத்தம் ஏன் வருகிறது?

சோற்றுப் பானையை மூடி வைத்து எரிய விடுங்கள். மூடி தடதடவென்று ஆடும். உள்ளே உள்ள நீராவி வெளியே வரப் பார்க்கிறது. அதுதான் அழுத்தம்.

தண்ணீருக்கு அடுப்பு வேண்டும். பெட்ரோலுக்கு அடுப்பு வேண்டாம். வெயில் போதும். நிழலில் வைத்தாலும் அது ஆவியாகும். பகலில் டேங்க் சூடாகும். உள்ளே ஆவி பெருகும். இரவில் டேங்க் குளிரும். ஆவி சுருங்கும். அப்போது டேங்க் வெளிக் காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கும். இப்படி டேங்க் தினமும் மூச்சு விடுகிறது, மூச்சு வாங்குகிறது.

பழைய காலத்துக் கார்களில் இந்த ஆவியை வெளியே விட்டுவிடுவார்கள். அதனால் இரண்டு கேடு. பெட்ரோல் வீணாகும். காற்றும் கெடும். பெட்ரோல் ஆவியில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வெயிலில் இந்த ஆவி மற்றப் புகையோடு சேர்ந்து நச்சு மூட்டமாகவும் மாறும்.

எனவே சட்டங்கள் வந்தன. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி கட்டாயம் ஆயிற்று. பிறகு படிப்படியாகச் சட்டம் இறுகியது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற விதி நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. டேங்கிலிருந்து கிளம்பும் ஆவிக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு.

ஆவியைப் பிடிக்கும் கரி

இப்போது ஆவியை வெளியே விடுவதில்லை. ஒரு டப்பாவில் பிடித்து வைக்கிறார்கள். அந்த டப்பாவுக்குள் கரி இருக்கிறது. இது அடுப்புக் கரி அல்ல. தனிப் பக்குவம் செய்த கரி. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. 1 கிராம் கரியில் உள்ள துளைகளின் பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். அதாவது 25 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர். அந்தப் பரப்பில்தான் ஆவி ஒட்டிக்கொள்கிறது.

எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்கும். இதைப் பர்ஜ் வால்வு என்பார்கள். எஞ்சின் கரியில் உள்ள ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். வீணாகப் போக இருந்த பெட்ரோல் வண்டியை ஓட்ட உதவுகிறது. டப்பாவுக்குள் வெளிக் காற்று வர இன்னொரு வழியும் உண்டு. பல கார்களில் அதற்கும் ஒரு வால்வு இருக்கும். அது வென்ட் வால்வு.

இன்றைய புதிய பைக்கிலும் ஸ்கூட்டரிலும்கூட இப்படி ஒரு கரி டப்பா இருக்கிறது.

சென்சார் என்ன செய்கிறது?

டேங்க், குழாய், கரி டப்பா எல்லாம் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். எங்காவது ஓட்டை இருந்தால் ஆவி வெளியேறும். ஓட்டை இருப்பதை எப்படி அறிவது? அதற்குத்தான் அழுத்த சென்சார்.

காரின் கம்ப்யூட்டர் அவ்வப்போது ஒரு சோதனை செய்யும். டேங்கின் எல்லா வழிகளையும் மூடும். உள்ளே உள்ள காற்றை லேசாக உறிஞ்சும். பிறகு காத்திருக்கும். உறிஞ்சிய நிலை அப்படியே நின்றால் ஓட்டை இல்லை. சீக்கிரம் மாறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இந்த மாற்றத்தைச் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது.

சென்சாருக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் டேங்கின் ஆவி. மறு பக்கம் வெளிக் காற்று. இரண்டும் சமமாக இருந்தால் தகடு நேராக இருக்கும். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் தகடு வளையும். வளைவுக்கு ஏற்ப மின்சாரம் மாறும்.

இந்த அழுத்தம் மிகவும் சிறியது. ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழாயை விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வர எவ்வளவு ஊத வேண்டுமோ, ஏறக்குறைய அந்த அளவுதான். அவ்வளவு நுட்பமான கருவி இது. கம்ப்ரசர் காற்றை இதற்குள் அடித்தால் தகடு கெட்டுவிடும். டேங்கும் பிளந்துபோகலாம்.

எல்லாக் கார்களிலும் இந்தச் சென்சார் இருக்காது. அமெரிக்காவில் விற்ற கார்களில் 1996-ஐ ஒட்டி இது பரவியது. இந்தியாவில் ஓடும் கார்களில் சிலவற்றில் உண்டு. பலவற்றில் கரி டப்பாவும் வால்வும் மட்டுமே உண்டு. எனவே அந்தக் காரில் சென்சார் இருக்கிறதா என்று முதலில் கையேட்டில் பார்க்க வேண்டும்.

எண் என்ன சொல்கிறது?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் ஓர் எண் தெரியும். எண்ணை அழிக்கும் முன்பு அதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பி 0451 என்றால், சென்சார் சொல்லும் அளவு நம்பும்படி இல்லை.
பி 0452 என்றால், சென்சாரின் மின் அளவு மிகக் குறைவு.
பி 0453 என்றால், மின் அளவு மிக அதிகம்.
பி 0454 என்றால், அளவு விட்டு விட்டு வருகிறது.
பி 0442 என்றால், சிறிய ஓட்டை.
பி 0455 என்றால், பெரிய ஓட்டை.
பி 0457 என்றால், டேங்க் மூடி சரியாக மூடவில்லை.

கடைசி மூன்றையும் கவனியுங்கள். அவை சென்சாரின் குற்றம் அல்ல. சென்சார் ஒழுங்காக வேலை செய்து உண்மையைச் சொல்கிறது. காய்ச்சல் அளக்கும் கருவி 102 என்று காட்டினால் கருவியையா மாற்றுவோம்? ஆனால் பலர் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பணம் போகும். சில நாளில் விளக்கு மறுபடி எரியும்.

முதல் நான்கு எண்கள் வந்தாலும் அவசரப்படக் கூடாது. அவை சென்சாரை மட்டும் சொல்லவில்லை. அதன் வயரையும் சேர்த்தே சொல்கின்றன. எண் இடத்தைக் காட்டும். குற்றவாளியை மனிதர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் உயிர்

பெட்ரோல் தீப்பிடிப்பதைவிட அதன் ஆவி தீப்பிடிப்பதே ஆபத்து. காற்றில் 100 பங்குக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும். ஒரு பொறியில் வெடிக்கும். ஆவி காற்றைவிட 3 மடங்குக்கு மேல் கனமானது. எனவே அது மேலே போகாது. தரையில் ஊர்ந்து போகும். பள்ளத்தில் தேங்கும். மெக்கானிக் நின்று வேலை செய்யும் குழியிலும் தேங்கும்.

இதையெல்லாம் கடைப்பிடிக்க வேண்டும்:

காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். குழிக்குள் வேலை செய்யக் கூடாது.
பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் கூடாது. சாதாரண பல்பு தொங்கவிடக் கூடாது. அது உடைந்தால் பொறி வரும்.
டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.
தூள் வகைத் தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மணல் வாளியும் நல்லது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ பரவும்.
காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைக்கக் கூடாது. அதில் பெட்ரோல் இருக்காது, ஆவி நிறைந்திருக்கும். காலி டேங்கில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது.

சோதிக்கும் முறை

செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். செலவாகும் வேலை கடைசியில்தான்.

1. மூடியைப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா? மண் ஒட்டியிருக்கிறதா? மூடி 'கிளிக்' என்ற சத்தத்தோடு மூடுகிறதா? பல வண்டிகளின் நோய் இத்துடன் தீர்ந்துவிடும்.

2. குழாய்களைப் பாருங்கள். ரப்பர் ஓஸ் வெடித்திருக்கலாம். கழன்றிருக்கலாம். எலி கடித்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கரி டப்பாவின் காற்று வழியில் சேறு அடைத்திருக்கலாம்.

3. ஓட்டுநரிடம் கேளுங்கள். பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டாக' இன்னும் கொஞ்சம் போடச் சொல்வாரா? அப்படிப் போட்டால் பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போய்விடும். கரி ஆவியைத்தான் பிடிக்கும். பெட்ரோலில் நனைந்தால் கெட்டுவிடும்.

4. கனெக்டரைப் பாருங்கள். சாவியை அணைத்துவிட்டு சென்சாரின் கனெக்டரைக் கழற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கிறதா? பித்தளைப் பாத்திரத்தில் படியும் களிம்பு போலப் பச்சையாக இருக்கிறதா? ஊசி வளைந்திருக்கிறதா? மழைக்குப் பிறகு வரும் பழுதில் இதுதான் முக்கியமான இடம்.

5. மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும். ஒன்று 5 வோல்ட் கொண்டு வரும். ஒன்று எர்த். ஒன்று சென்சாரின் சேதியைக் கொண்டு போகும். கனெக்டரைக் கழற்றிய நிலையில், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். 5 வோல்ட் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே அளக்க வேண்டும். சுமார் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் சென்சாரை மாற்றிப் பயன் இல்லை. பழுது வயரில் இருக்கிறது, அல்லது கம்ப்யூட்டரில் இருக்கிறது. வயரின் நிறம் காருக்குக் கார் மாறும். கையேட்டைப் பார்த்தே தொட வேண்டும்.

6. மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். சாவியை அணைத்து கனெக்டரை மாட்ட வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து, சாவியை மறுபடி திருப்ப வேண்டும். இப்போது உள்ளும் புறமும் ஒரே காற்று. ஸ்கேனரில் அழுத்தம் ஏறக்குறைய 0 என்று காட்ட வேண்டும். சேதி வயரில் சில கார்களில் ஒன்றரை வோல்ட் இருக்கும். சில கார்களில் இரண்டரை வோல்ட் இருக்கும். கையேட்டில் உள்ள எண்ணே முடிவு. 5 வோல்ட் சரியாக வந்து, வயரும் சரியாக இருந்து, அளவு மட்டும் தவறாக இருந்தால் சென்சார் கெட்டுவிட்டது.

7. அசைத்துப் பாருங்கள். அளவைப் பார்த்துக்கொண்டே வயரை மெல்ல அசைக்க வேண்டும். அளவு குதித்தால் வயரில் முறிவு இருக்கிறது.

ஒவ்வோர் அளவையும் எழுதி வைக்க வேண்டும். அம்பாசடர் காலத்தில் மெக்கானிக் காதால் கேட்டும் மூக்கால் மோந்தும் பழுதைக் கண்டுபிடித்தார். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரித்த தொழிற்சாலை 2014-இல் வேலையை நிறுத்தியது. இன்றைய காரில் காதும் மூக்கும் மட்டும் போதாது. எண்ணைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த கை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கிடர்பூர்ப் பக்கத்தில் தொழில் சொல்லித்தரும் மூத்த மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்று அழைப்பார்கள். மழையில் நின்ற காரை ஓட்டுநர் ஒருவர் அவரிடம் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உஸ்தாத், சென்சார் போய்விட்டதாம். புதிது போட்டுவிடுங்கள். சாயங்காலம் சவாரி இருக்கிறது."

"யார் சொன்னது, தம்பி?"

"ஸ்கேனரில் பி 0454 என்று வந்தது."

"அது விட்டு விட்டு வருகிறது என்றுதானே சொல்கிறது? செத்துவிட்டது என்று சொல்லவில்லையே. கொஞ்சம் பொறு."

உஸ்தாத் மூடியைப் பார்க்கிறார். நன்றாக இருக்கிறது. 5 வோல்ட் வருகிறது. வயரை அசைக்கிறார். அளவு குதிக்கிறது. கனெக்டரைக் கழற்றுகிறார். உள்ளே ஓர் ஊசியில் பச்சைக் களிம்பு. அதன் ரப்பர் வளையமும் கிழிந்திருக்கிறது. மின்இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடிக்கிறார். கெட்ட ஊசியை மாற்றுகிறார். புது ரப்பர் போடுகிறார். மறுபடி அசைக்கிறார். அளவு அசையவில்லை.

"அப்படியானால் புது சென்சார்?"

"வேண்டாம். போட்டிருந்தால் அதுவும் இதே கனெக்டரில்தானே மாட்டியிருக்கும்?"

ஓட்டுநருக்கு ஒரு சென்சாரின் விலை மிச்சம். டேங்கைக் கழற்றும் கூலியும் மிச்சம்.

சென்சாரை மாற்ற வேண்டி வந்தால்

சென்சாரைத் திறந்து பழுது பார்க்க முடியாது. கெட்டால் மாற்றத்தான் வேண்டும். அது பெரும்பாலும் டேங்கின் மேலே இருக்கும். சில கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் கை எட்டும். சில கார்களில் டேங்கையே இறக்க வேண்டும். அப்போது டேங்கில் பெட்ரோல் குறைவாக இருப்பது நல்லது. வேறு சில கார்களில் கரி டப்பாவின் அருகில் இருக்கும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். டேங்கின் மேலே உள்ள மண்ணைத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் மண் டேங்குக்குள் விழும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கனெக்டரின் கிளிப்பை அழுத்திக் கழற்ற வேண்டும். புது சென்சாருடன் புது ரப்பர் வளையம் போட வேண்டும். பழைய வளையம் போட்டால் அதுவே ஓட்டையாகும். வயரில் பற்ற வைக்கும் வேலை இருந்தால் டேங்கின் அருகில் செய்யக் கூடாது.

பழைய பொருள் விற்கும் கடைகளில் சென்சார் மலிவாகக் கிடைக்கலாம். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் அளவு வேறாக இருக்கும். சென்சாரின் மேல் அச்சிட்ட எண்ணும் பழைய சென்சாரின் எண்ணும் ஒன்றா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் எண்ணை அழிக்கலாம். விளக்கு அணைந்துவிடும். ஆனால் அது குணமானதற்குச் சாட்சி அல்ல. கம்ப்யூட்டர் தன் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஆறியிருந்தால்தான் அது நடக்கும். டேங்க் நிரம்பி வழியவும் கூடாது, வற்றியிருக்கவும் கூடாது. எனவே அரை டேங்க் பெட்ரோலோடு சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு வரவில்லை என்றால் வேலை சரி.

விளக்கை அலட்சியம் செய்தால்?

வண்டி ஓடுகிறதே, விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று இருக்கலாமா? கூடாது. வட அமெரிக்காவில் 2018 அக்டோபரில் ஃபோர்டு நிறுவனம் சுமார் 15 லட்சம் ஃபோகஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தக் கார்களில் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. அப்படிச் சிக்கினால் எஞ்சின் டேங்கை விடாமல் உறிஞ்சும். பிளாஸ்டிக் டேங்க் உருமாறிப் போகும். பெட்ரோல் அளவு காட்டும் முள் தவறாகக் காட்டும். வண்டி நடு வழியில் நின்றுவிடும். வால்வு சிறியது. ஆனால் அது டேங்கையே கெடுத்துவிடும்.

இது கிடர்பூருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தது. ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. மழைக்காலம் வரும் ஊரில் எல்லாம் கனெக்டரும் காற்று வழியும் சோதிக்க வேண்டியவையே.

நினைவில் கொள்ளுங்கள்

எண் இடத்தைக் காட்டும். பழுதைக் காட்டாது.
மூடி, குழாய், கனெக்டர், வயர், பிறகுதான் சென்சார்.
கம்ப்ரசர் காற்று கூடவே கூடாது.
குழாய் தானாக நின்ற பிறகு பெட்ரோல் போடக் கூடாது.
பெட்ரோல் வாடை வந்தால் வேலையை நிறுத்துங்கள். காற்று வரட்டும். பிறகு தொடங்கலாம்.

பேசிப் பாருங்கள்

1. காலி பெட்ரோல் டேங்க் ஏன் ஆபத்தானது?
2. பி 0455 என்ற எண் வந்தால் சென்சாரை மாற்றலாமா? ஏன்?
3. உங்கள் ஊர்ப் பட்டறையில் தீயணைப்பான் இருக்கிறதா? அது எங்கே மாட்டியிருக்கிறது?